முட்டை அட்டையே அடைக்கூடை!

கிராமத்தில் நாலு கோழி வளர்க்கிற வீடுகளில் 'கோழிக்காசு' என்று ஒன்று உண்டு. முட்டை விற்றது, சேவல் விற்றது எல்லாம் வீட்டுப் பெண்களின் சுருக்குப் பையில்தான் சேரும். அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா, நோம்பிக்கு ஒரு பாவாடைத் துணி என்று என் வீட்டிலும் பல செலவு அதில்தான் ஓடுகிறது. அதனால் ஒரு அடை வீணாய்ப் போனால் நமக்கு நஷ்டம் சின்னதில்லை.

போன வருடம் எங்க பொட்டைக்கோழியை 11 முட்டையில் அடை வைத்திருந்தேன். ஆறாம் நாள் ராத்திரி கீரி வந்து கோழியைக் கடித்துப் போட்டுவிட்டது. விடிந்து பார்த்தால் முட்டை மட்டும் கூடையில் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன், இன்னும் லேசாகச் சூடு இருந்தது. மாமியார், "தாயில்லாத முட்டை இனி எதுக்காவும்? தூக்கிப் போடு கண்ணு" என்றார். வேறு கோழி எதுவும் அடைக்கு உட்காரவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. சுடுதண்ணியை இரண்டு பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றி, முட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பழைய கம்பளியால் மூடினேன். பிறகு அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். கரு பிடித்த முட்டையில் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். ஒன்பதில் அது தெரிந்தது. இரண்டு மட்டும் வெறும் வெளிச்சமாக இருந்தன, கூமுட்டை. ஒன்பது உயிர் உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படித் தூக்கிப் போடுவது?

எலக்ட்ரீசியன் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் அன்று மதியமே வந்து ஒரு பெட்டி தயார் செய்து கொடுத்தான். பழக்கடையில் கிடைத்த தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் எரியவிடும் சின்ன கன்ட்ரோலர், ஒரு தெர்மாமீட்டர். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, அதில் வேண்டிய சூடு வராது. மூடியில் கண்ணாடித் துண்டு ஒட்டினால் திறக்காமலே பார்க்கலாம். காற்றுக்குப் பக்கத்தில் நாலைந்து ஓட்டை போட வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம் தோழிகளே! பல்பு தெர்மாகோலில் படவே கூடாது, தீப்பிடிக்கும். சுற்றிலும் கம்பி வலை கட்டுங்கள். ஒயரில் பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முட்டை அட்டைக்கு வருகிறேன். கடையில் 30 முட்டை அடுக்கி வருமே, அந்தக் காகித அட்டைதான். எச்சமும் உடைந்த முட்டையும் ஒட்டாத சுத்தமான அட்டையாக எடுத்து, வெயிலில் காயவைத்து, பாதியாக வெட்டினால் 15 குழி கிடைக்கும். காற்றுப் போக ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு ஓட்டை போடுங்கள். முட்டையின் கூர்முனை கீழே, அகலமான பக்கம் மேலே இருக்க வேண்டும். ஏனென்றால் காற்றறை இருப்பது அகலப் பக்கத்தில். குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றில்தான்.

கோழி தன் அலகால் முட்டையை அடிக்கடி புரட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அட்டை இருந்தால் ஒவ்வொரு முட்டையாகத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அட்டையின் ஒரு பக்கத்தை அரைச் செங்கல் மேல் தூக்கிச் சாய்த்து வைத்தேன். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் செங்கலை எதிர்ப்பக்கம் மாற்றினேன். மூன்று என்பது ஒற்றைப்படை. அதனால் நேற்று ராத்திரி சாய்ந்திருந்த பக்கத்தில் இன்று ராத்திரி சாயாது. பல்புக்குக் கிட்டே வரும் பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். மறக்காமல் இருக்க காலண்டரில் மூன்று கோடு போட்டு வந்தேன்.

சூடு விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கட்டும். சின்ன ஃபேன் வைத்தால் 99.5 போதும். ஒரு கிண்ணம் தண்ணீரும் உள்ளே இருக்க வேண்டும். கரன்ட் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டுக் கம்பளி போர்த்துங்கள். உள்ளே இருக்கிற செங்கலும் கொஞ்ச நேரம் சூடு பிடித்து வைத்திருக்கும். கொஞ்ச நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். ஆனால் சூடு 104-க்கு மேல் போய் நின்றால் தாங்காது.

என் மாமியார் மூன்றாம் நாள் சத்தமில்லாமல் வந்து, அட்டையின் காலிக் குழியில் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் வைத்துவிட்டுப் போனார். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க அடைக்கூடையில் வைப்பது வழக்கமாச்சே! தூக்கிப் போடச் சொன்னவருக்கே ஆசை வந்துவிட்டது என்று நான் சிரித்துக்கொண்டேன்.

கோழி உட்கார்ந்த நாளில் இருந்து கணக்கிட்டு 18-ஆம் நாள் சாய்ப்பதை நிறுத்தினேன். செங்கலை எடுத்துவிட்டு, அட்டையைச் சமமாக வைத்து, குழிகளின் விளிம்பைக் கத்திரித்துத் தாழ்த்தினேன். கீழே சாக்குத் துணி விரித்தேன். செய்தித்தாள் விரித்தால் குஞ்சுக்குக் கால் வழுக்கி விரிந்துவிடும். இன்னொரு கிண்ணம் தண்ணீர் சேர்த்து வைத்தேன். ஈரம் குறைந்தால் உள்தோல் காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை.

20-ஆம் நாள் சாயங்காலம் என் மகள் ஓடி வந்து, "அம்மா, ஓட்டுக்குள்ள கத்துதும்மா!" என்றாள். ராத்திரி முதல் கீறல். விடிவதற்குள் ஐந்து, மதியத்துக்குள் ஏழு. எட்டாவது முட்டையில் மட்டும் ஓட்டை விழுந்து பல மணி நேரமாகியும் அசைவு குறைவு. பிள்ளைகள் "உடைச்சு விடும்மா, செத்துப்போயிரும்" என்று அழுதார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் ஓட்டின் உள்தோலில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் கருவும் முழுதாக வயிற்றுக்குள் போயிருக்காது. அவசரப்பட்டுப் பிரித்தால் ரத்தம் போய்க் குஞ்சு இறந்துவிடும். ஓட்டை விழுந்து வெளியே வர ஒரு நாள் வரைகூட ஆகலாம். பிள்ளைகளைச் சமாதானப்படுத்திவிட்டுக் காத்திருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தானாகவே ஓட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது! ஒன்பதாவது மட்டும் ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

மயிர் காயும் வரை குஞ்சைப் பெட்டியிலேயே விடலாம். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், உடனே தீனி வேண்டாம். அப்புறம் அட்டைப்பெட்டியில் பல்பு கட்டி முதல் வாரம் 95 டிகிரி, பிறகு வாரம் 5 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். பல்படியில் குஞ்சுகள் நெருக்கிக்கொண்டு நின்றால் குளிர், ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சே சரியாகச் சொல்லும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட வேண்டும். உங்க ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

தோழிகளே, நல்ல அடைக்கோழி இருந்தால் அதற்கு ஈடு வேறில்லை. கரன்ட் வேண்டாம், குஞ்சையும் அதுவே வளர்த்துக் கொடுக்கும். ஆனால் அடையிலும் குஞ்சு வளர்ப்பிலும் இருக்கும் இரண்டு மூன்று மாதம் கோழி முட்டையிடாது. பெட்டியில் பொரித்தால் அந்தக் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். அதனால் இப்போது நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். அன்று பிழைத்த எட்டில் ஐந்து பெட்டை, மூன்று சேவல். பெட்டைகள் முட்டைக்கு வந்துவிட்டன.

நீங்களும் செய்ய நினைத்தால் கடை வெள்ளை முட்டையை வைக்காதீர்கள். அந்தப் பண்ணைக் கோழிகளோடு சேவல் இல்லாததால் அதில் கரு இருக்காது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையை, கழுவாமல், ஃபிரிட்ஜில் வைக்காமல், இட்ட ஏழு நாளுக்குள் வையுங்கள். முதல் தடவை பத்து முட்டைக்கு மேல் வேண்டாம்.

- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்.