பண்டிகைப் பானமும் பரண்மேற் புட்டியும்

மார்கழி பிறந்தால் நம் சங்கத்து அன்பர்களிடையே ஒரு வினா ஆண்டுதோறும் எழுகிறது. பண்டிகைக்கு வரும் விருந்தினருக்குக் கடையில் விற்கும் பானங்களை வாங்கிக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. திராட்சையும் இஞ்சியும் சர்க்கரையும் கொண்டு வீட்டிலேயே ‘ஒயின்’ செய்து வைத்துக்கொண்டால் என்ன என்பதே அவ்வினா. கோவாவிலும் கேரளத்திலும் உறவினர் உள்ளவர்கள் அங்கே சமையலறை மூலையில் கண்ட ஜாடிகளை வருணித்து ஆவலைத் தூண்டிவிடுகிறார்கள். இதில் ஓரளவு அனுபவமும், அதனினும் மிகுதியாக ஓர் அவமானமும் அடைந்தவர்கள் என்ற முறையில் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நாம் வாழ்வது குஜராத் என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். பழைய பம்பாய் மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், 1960-இல் இம்மாநிலம் தனியே பிரிந்தபோது இதனுடனேயே வந்தது. அன்றுமுதல் இங்கே மதுவிலக்கு அமலில் இருக்கிறது. உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ‘விற்கவில்லை, வீட்டு உபயோகத்திற்குத்தான்’ என்பது சமாதானம் ஆகாது. நம்மைப் போன்ற ரயில்வே ஊழியருக்கு இன்னொரு கட்டும் உண்டு. 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், ஊழியர் எப்பகுதியில் இருக்கிறாரோ அப்பகுதியின் மதுச் சட்டத்தை வழுவாது பின்பற்றவேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே ஜாடி விஷயம் நாக்கோடு நிற்பதன்று, சம்பளத்தையும் தொடுவது.

இனி அந்த ஜாடிக்குள் நடப்பது யாதெனப் பார்ப்போம். பழத்தை நசுக்கிச் சர்க்கரையும் நீரும் சேர்த்து வைத்தால், பழத்தின் தோலிலும் காற்றிலும் பாத்திரத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு பெருகுகிறது. உண்ட சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹாலாகிறது. மறுபாதி கரியமில வாயுவாக வெளிப்படுகிறது. நம் இல்லத்தரசிகள் இட்லி மாவில் நாள்தோறும் காணும் பொங்குதலுக்கு இது நெருங்கிய உறவு. இதனை உயிருள்ள ஈஸ்டின் வேலையென்று ஐயந்திரிபற நிறுவியவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஆல்கஹால் நூற்றுக்கு ஒரு பங்கு ஏறும். இனிப்பான திராட்சையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சர்க்கரை இருப்பதால், எதையும் சேர்க்காமல் விட்டாலே பத்துப் பங்கு வரை ஏறிவிடக்கூடும். இருபத்தொரு நாள் கட்டிவைப்பது, கோதுமையை ஒரு பிடி போடுவது என்று சொல்லப்படும் செய்முறைகளெல்லாம் இதைச் சுற்றியவையே. கோதுமை போடாவிட்டாலும் அது புளிக்கத்தான் செய்யும்.

வாயுவைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. அதை நாம் காலம் கடந்தே தெரிந்துகொண்டோம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது சுமார் 4 கிராம், முழுதும் புளித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு பிறக்கும். மூடியை இறுக்கித் திருகிய புட்டிக்குள் இவ்வாயு எங்கே போகும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நமக்கு இஞ்சி ஒயினைக் கற்பித்தவர் அண்டைக் குவார்ட்டர்ஸில் மகனுடன் தங்கியிருந்த ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவர். அவர் கணவர் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். மூதாட்டி பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். ஆகவே ரயில்வே காலனித் தமிழ் அவருக்கு நன்றாக வரும். “பேரு ஒயின்தான் அம்மா, இதிலே போதை ஒண்ணும் கிடையாது. கொழந்தைக்கும் கொடுக்கலாம்” என்று அவர் நம் மனைவியாரிடம் சொன்னது மெய்யே. ரயில்வே காலனிகளில் கிறிஸ்துமஸ் தோறும் கேக்குடன் கொடுக்கப்படும் இந்தப் பானம் கொதிக்கவைத்து எடுக்கும் இஞ்சிச் சர்பத்தேயன்றி மதுவன்று. காரம் தொண்டையில் இறங்கும்போது ஏதோ ஒன்று இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவே. காரத்திற்கு இஞ்சி மட்டுமன்றி வற்றல் மிளகாயும் காரணம் என்பதைப் பலர் அறியார்.

செய்முறை இது. 150 கிராம் இஞ்சியை மண் போகக் கழுவித் தோல் சீவி நசுக்கிக்கொள்ளவேண்டும். இரண்டு லிட்டர் நீரில் அதனையும், இரண்டு வற்றல் மிளகாய், விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு ஆறு ஆகியவற்றையும் இட்டு, மூடிய பாத்திரத்தில் அரைமணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிடவேண்டும். மிளகாயை உடைக்காமல் முழுதாகவே போடவேண்டும். விதை வெளிப்பட்டால் குழந்தைகள் அருந்தமாட்டார்கள். வடிகட்டிய நீரில் முக்கால் கிலோ சர்க்கரையைக் கரைத்து மீண்டும் ஒரு கொதி விடுக. நிறத்திற்காக மூன்று மேசைக்கரண்டிச் சர்க்கரையைத் தனியே இரும்புக் கரண்டியிலோ சிறு வாணலியிலோ செம்பழுப்பாகும் வரை உருக்கி, அதில் வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரைத்துச் சேர்க்கவேண்டும். இவ்விடத்தில் முகத்தை அருகே கொண்டுபோகலாகாது. உருகிய சர்க்கரை கொதிக்கும் எண்ணெயைவிடக் கொடிதாகத் தெறிக்கும். குழந்தைகள் அடுக்களையில் இல்லாத நேரமே இதற்கு ஏற்றது. இறக்கிய பின் நான்கு எலுமிச்சம்பழங்களின் சாற்றைப் பிழிந்து வடிகட்டிவிட்டால் பானம் ஆயிற்று. பரிமாறும்போது சம அளவு குளிர்ந்த நீர் கலந்தால் இருபது பேருக்குச் சிறு குவளைகளில் தாராளமாக வரும். இரண்டு மூன்று பெரிய புட்டிக் குளிர்பானத்தின் விலைக்குள் செலவு அடங்கிவிடும். பட்டை கிராம்பு வீட்டில் இருப்பதே போதும்.

அவ்வாண்டுப் பொங்கலுக்கு இதனை இரட்டிப்பு அளவில் செய்தோம். வந்தவர்கள் புகழ்ந்தார்கள். மிஞ்சிய பானத்தைப் பழைய கண்ணாடிப் புட்டிகள் மூன்றில் ஊற்றி, இறுக மூடி, அடுக்களைப் பரணில் வைத்தோம். மூதாட்டியார் ‘ஃபிரிட்ஜில் வை’ என்று சொல்லியிருந்தார். குளிர்பெட்டியில் இடம் இல்லை. சர்க்கரை இவ்வளவு போட்டிருக்கிறோமே, கெடுமா என்ற எண்ணம் வேறு. தேனும் கெட்டியான பாகும் கெடாமல் இருப்பது அவற்றில் நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் சர்க்கரை இருப்பதால். நம் பானத்தில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. அந்த அளவு, ஈஸ்டைத் தடுப்பதற்கு மாறாக அதற்கு விருந்து வைக்கும் அளவாகும். அன்றியும் புட்டிகளைக் குழாய் நீரில் அலசினோமேயன்றிக் கொதிநீரில் இடவில்லை. சுவை பார்த்த கரண்டியையே மறுபடியும் பானத்துக்குள் விட்டிருந்தோம்.

ஹோலி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். பனிமூட்டக் காலத்தில் தண்டவாளத்தின்மேல் வைக்கும் டெட்டனேட்டர் வெடித்ததுபோல் ஓர் ஓசை. விழுந்தடித்து எழுந்து விளக்கைப் போட்டால் அடுக்களை முழுவதும் ஈரம், கள்ளுக்கடை நாற்றம். கண்ணாடிச் சில்லு ஒன்று மாவு டின்னின் தகரத்தைக் கீறிக்கொண்டு நின்றது. அந்த மாவு டின்னுக்கு எதிரே, பரணுக்கு நேர் கீழே பாய் விரித்துத்தான் நம் இளைய குழந்தை வெயிற்காலத்தில் பகலில் உறங்குவது வழக்கம். அதன் பிறகு விடியும்வரை நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஓசை கேட்டு வந்தவர்களுள் ஒருவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, ‘தாரூ?’ என்று கேட்டார். இல்லையென்று சத்தியம் செய்தோம். ஆனால் அன்று காலை அலுவலகத்திற்கு நடந்து போகும்போது உண்மை உறைத்தது. நாம் செய்தது சர்பத்து. பரண் செய்தது மது. யாரேனும் எழுதிப் போட்டு, அதிகாரி ஒருவர் மீதமிருந்த புட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், ‘பண்டிகைக்குச் செய்தது, தானாகப் புளித்துவிட்டது’ என்ற விளக்கம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? யாரும் எழுதிப் போடவில்லை. அது அண்டை வீட்டாரின் பெருந்தன்மை. எனினும் ஒரு வாரம் அலுவலகத்தில் நம்மை ‘பட்டிவாலா’ என்று கேலி செய்தார்கள். ‘பட்டி’ என்பது இந்தப் பக்கங்களில் சாராய அடுப்பைக் குறிக்கும் சொல்.

மீதமிருந்த இரண்டு புட்டிகளை அப்புறப்படுத்தியதையும் சொல்லிவிடுகிறோம், யாருக்கேனும் பயன்படலாம். உப்பிய மூடியுள்ள புட்டியை உடனே திருகித் திறக்கலாகாது. அசைக்காமல், ஈரச் சாக்கினால் நன்றாகப் போர்த்தி எடுத்து, குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் வாயு நீரில் அடங்கி அழுத்தம் குறையும். பின்பு திறந்தவெளிக்குக் கொண்டுபோய், சாக்கோடு பிடித்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். அவ்வாறு செய்தும் நுரை சட்டைக் கைவரை வந்தது.

திராட்சையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே தத்துவத்தைக் கொண்டு விடை கூறலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர், மாதாகோயில் வழிபாட்டில் போதையற்ற திராட்சை ரசமே வேண்டும் என்ற எண்ணத்தால், 1869-இல் திராட்சைச் சாற்றைப் புட்டியிலிட்டுச் சூடேற்றி ஈஸ்டைக் கொன்று, புளிக்காமல் நிறுத்தினார். பாஸ்டரின் கண்டுபிடிப்பை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்த செயல் அது. நாசிக் திராட்சை இங்கே மலிந்து வரும் மாசி, பங்குனி மாதங்களில் நாமும் இதனைச் செய்யலாம். கறுப்புத் திராட்சையைக் கழுவி உதிர்த்து, மசித்து, ஆவி நன்றாகப் பறக்கும் வரை, ஆனால் கொதிவராமல், பத்து நிமிடம் சூடாக்கித் துணியில் வடிகட்டவேண்டும். தோலிலுள்ள நிறம் சூட்டினால் இறங்கி, ஒயினுக்கே உரிய சிவப்பு வந்துவிடும். கொதிநீரில் இட்டெடுத்த புட்டிகளில் சூடாகவே ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்திற்குள் அருந்திவிடவேண்டும். மார்கழிக்கு என்று எடுத்துவைக்கும் ஆசை வேண்டாம். மார்கழிக்கு இஞ்சி இருக்கிறது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது ரயிலில் வேலை செய்பவர்களுக்குத்தான் விசித்திரமாகத் தெரியும். தாஹோதைக் கடந்து வண்டி மேக்நகரை அடைந்தால் மத்தியப் பிரதேசம். இருபுறமும் அதே இலுப்பை மரம், அதே பீல் மக்கள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் நாட்டில் பழமொழி கூறுகிறோமல்லவா? அந்தச் சர்க்கரைதான் இங்கே புளித்துச் சாராயமாகிறது. மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினர் சொந்த உபயோகத்திற்கு அளவோடு காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எல்லைக்கு இப்பால் அதே பானை குற்றப் பொருள். மது தாராளமாக விற்கும் கேரளத்திலும், 2019-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டில் ஒயின் செய்வது சட்டவிரோதம் என்று ஆயத்தீர்வைத் துறை எச்சரிக்கை விடுத்தது. மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் ஜாடிப் பழக்கத்தை மட்டும் மூட்டை கட்டாதிருப்பது நலம்.

கடைசியாக ஒன்று. புளித்த சாற்றைக் காய்ச்சி வடித்தால் ‘பிராந்தி’ மலிவாகக் கிடைக்குமே என்று நம்மிடம் கேட்ட இளைஞர் ஒருவர் உண்டு. முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் நஞ்சு போய்விடும் என்றும் எங்கோ கேட்டுவந்திருந்தார். அது பிழையான நம்பிக்கை. மெத்தனால் என்னும் நஞ்சு சுமார் 65 டிகிரியிலும் ஆல்கஹால் 78 டிகிரியிலும் கொதிக்கும் என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் கலந்திருக்கும்போது ஒன்று முழுதும் போனபின் மற்றொன்று வருவதில்லை. மெத்தனால் கடைசிவரை சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும். பழத்திலிருந்து பிறக்கும் மெத்தனால் சொற்பம்தான். வடிக்கும் வீட்டில் அதனினும் பெரிய ஆபத்து, அடுப்புத் தீயருகே ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்வது.

ஊர் ஊராய் உயிரைக் குடித்த மெத்தனால் பழத்திலிருந்து வந்ததன்று. தொழிற்சாலைச் சரக்கைச் சாராயம் என்று விற்றதால் வந்தது. 2009-இல் அகமதாபாத்தில் 130-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே, நஞ்சுச் சாராயம் விற்று உயிர்போகக் காரணமானோருக்கு மரணதண்டனை வரை விதிக்க இங்கே சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாறிருந்தும் 2022-இல் போடாத் பகுதியில் 40-க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் போனதை ஊர்ப்பக்கத்து உறவினர் வாயிலாக அன்பர்கள் கேட்டிருப்பார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்த மறுநாள் பார்வை மங்கலாகிறது, எல்லாம் பனிபடர்ந்ததுபோல் தெரிகிறது என்று எவரேனும் சொன்னால், அது தூங்கினால் தெளியும் போதையன்று. அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். என்ன குடித்தார் என்பதைச் சட்டத்திற்கு அஞ்சி மறைக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால்தான் பலிப்பதில்லை.

நம் இல்லத்தில் இஞ்சி ஒயின் செய்வதை நிறுத்திவிடவில்லை. இப்போது ஒரு பங்குதான் செய்கிறோம். கொதிநீரில் இட்டெடுத்த பிளாஸ்டர் ஒட்டிய புட்டிகளில் ஊற்றி, செய்த தேதியை அதன்மேல் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் வைக்கிறோம். பத்து நாள் தாண்டிய புட்டியை எவ்வளவு மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுவது என்பது நம் மனைவியாரின் ஏற்பாடு. பரணில் இப்போது கொலு பொம்மைகள் மட்டுமே இருக்கின்றன.