கட்டடம் போனது, படம் நின்றது

லண்டனில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கு அருகே, வாரிக் லேன் என்ற தெருவில் ‘ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ்’ என்றொரு பயணியர் விடுதி இருந்தது. இன்று அது இல்லை. ஆனால் அதன் முற்றமும் மரத் தாழ்வாரங்களும் எப்படி இருந்தன என்பதை இன்றும் நாம் பார்க்கலாம். இடிக்கப்படுவதற்கு முன்பே சிலர் அதைப் படம்பிடித்து வைத்ததுதான் காரணம்.

ஆணியில்லாத கட்டுமானம்

பழைய இங்கிலாந்தில் நகர விடுதிகள் பலவும் மரச்சட்டகத்தில் எழுந்தவை. ஓக் மர உத்தரத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி, இன்னொரு மரத்தின் துளையில் செருகி, மர முளை அடித்து இறுக்குவார்கள். இரும்பு ஆணிக்கு வேலை இல்லை. சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னிக் களிமண் பூசினால் சுவர் தயார்.

நடுவில் குதிரை வண்டிகள் வந்து நிற்க ஒரு முற்றம். அதைச் சுற்றிலும் மாடித் தாழ்வாரங்கள். அவற்றின் வழியேதான் அறைகளுக்குச் செல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் இத்தகைய முற்றங்கள் சிலவற்றில் நாடகங்களும் நடந்தன. தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கு அது மாடி இருக்கை!

தீயும் ரயிலும்

இந்த விடுதிகளின் முதல் எதிரி தீ. 1666இல் லண்டன் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ் அதன் பிறகு மீண்டும் எழுந்தது. தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள சவுதர்க்கில் 1676இல் இன்னொரு தீ. அதில் ‘டபார்ட்’ விடுதி எரிந்தது. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் யாத்திரிகர்கள் ஒன்றுகூடும் இடம் அதுதான்.

டபார்ட் மீண்டும் கட்டப்பட்டு ‘டால்பட்’ எனப் பெயர் மாறியது. ஆனால் அடுத்த எதிரியிடமிருந்து அது தப்பவில்லை. 1836இல் அதற்கு அருகிலேயே லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ரயில் வந்ததும் குதிரை வண்டிப் பயணம் படுத்தது; விடுதிகளின் வருமானமும் குறைந்தது. 1870களில் அந்தப் புகழ்பெற்ற விடுதியும் இடிக்கப்பட்டது. உலகறிந்த ஒரு கவிதை நூலில் இடம்பெற்றும் அதனால் தப்ப முடியவில்லை.

சிலர் செய்த வேலை

1875இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸுக்கும் அதே நிலை வந்தது. அதைக் காப்பாற்றும் அதிகாரமோ பணமோ ஆர்வலர்களிடம் இல்லை. எனவே தங்களால் இயன்றதைச் செய்தார்கள். பழைய லண்டனின் எச்சங்களைப் படம்பிடிக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் எடுத்தவை இந்த விடுதியின் படங்களே.

அவர்கள் கையாண்ட அச்சு முறையும் கவனிக்கத்தக்கது. அன்றைய சாதாரணப் படங்கள் காலப்போக்கில் மங்கிவிடும். அதனால் மங்காத கரி நிறமியைக் கொண்டு அச்சிட்டார்கள். 1886 வரை 120 படங்கள் வெளிவந்தன. அவற்றில் உள்ள பல கட்டடங்கள் இன்று இல்லை.

எஞ்சிய ஒன்று

டபார்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ‘ஜார்ஜ்’ விடுதியும் 1676 தீயில் எரிந்து மீண்டும் கட்டப்பட்டதே. ரயில் நிறுவனம் ஒன்று சரக்குக் கிடங்குகளுக்காக அதன் பெரும்பகுதியை இடித்தது. எஞ்சிய ஒரு பக்கம் 1937இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்ததால் பிழைத்தது. மாடித் தாழ்வாரங்களோடு லண்டனில் எஞ்சியிருக்கும் ஒரே பழைய விடுதி அதுதான்.

மாணவர்களே, ஒரு கட்டடம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. அதைப் பதிவுசெய்வது நம் கையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் விரைவில் மூடப்படவிருக்கும் பழைய கடையோ பள்ளியோ இருந்தால், முகப்போடு நிறுத்திவிடாதீர்கள். படிக்கட்டு, கதவு, பின்வாசல் என எல்லாவற்றையும் எடுங்கள். தேதியையும் இடத்தையும் அங்கே இருந்தவர்கள் சொல்வதையும் எழுதி வையுங்கள். குறிப்பு இல்லாத படம், சில ஆண்டுகளிலேயே எந்த இடம் என்று தெரியாத படமாகிவிடும்.