வென்ற குதிரையும் சிறந்த குதிரையும்

நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டில் அமைந்த பந்தயத் திடலில், ஏப்ரல் வசந்தகாலத்தில் ஆளுநர் கிண்ணக் குதிரைப் பந்தயம் நடைபெறுவது வழக்கம். இங்கிலாந்தில் சில பந்தயங்களில் குதிரைகள் வேலிகளைத் தாண்டி ஓடுகின்றன. இங்கே அத்தகைய தடை கிடையாது. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத தடையொன்று உண்டு. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொடக்கத்திலேயே பாய்ந்தோடும் குதிரை இறுதிப் பர்லாங்கில் இளைத்துவிடும். மூச்சைக் காத்து ஓட்டுபவரே தேர்ந்த ஓட்டி.

சுமை வேறுபாட்டுப் பந்தயங்களில் வல்ல குதிரைக்கு அதிகச் சுமை ஏற்றுவர். ஆகவே, பெருஞ்சுமையோடு கழுத்தளவில் பின்தங்கிய குதிரை, குறைந்த சுமையோடு வென்றதினும் மேலானதாக இருத்தல் கூடும். முந்தியது எது என்று கேட்பதோடு அமையாது, எதனைச் சுமந்து, எவ்வாறு ஓடிற்று என்றும் வினவுதலே நேரிய மதிப்பீடாகும்.