மேஜை பெரிசா, ஓட்டை சிறிசா?

ஆபீஸ் விட்டதும் பூல் டேபிளுக்குப் போய், நாலு பந்தை வரிசையாகப் பாக்கெட்டில் தள்ளிவிட்டு, "அடுத்தது ஸ்நூக்கர்தான் மாப்ள!" என்று காலரைத் தூக்கிவிடும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். எங்க பசுமலையிலும் இருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாப்ள, அந்த டேபிள் எத்தனை அடி? ஓட்டை எத்தனை பந்து அகலம்?"

சூட்சுமமே அதில்தான் சார்! பெரிய போட்டிகளில் பூல் டேபிள் 9 அடி. பொழுதுபோக்கு இடங்களில் 7, 8 அடியும் உண்டு. பந்து 2¼ அங்குலம். மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 4½ அங்குலம். இரண்டு பந்துகள் புது மாப்பிள்ளை, பெண் மாதிரி உரசிக்கொண்டே உள்ளே போகலாம்!

ஸ்நூக்கரில் அந்தச் சலுகை கிடையாது. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1882-ல் நம்ம ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டிய ஆட்டம் அது. (பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள்!) டேபிள் 12 அடி. பந்து 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. பாக்கெட் சுமார் 3½ அங்குலம். ஜோடியாக நுழைய வழியே இல்லை. வளைந்த உதட்டில் பந்து பட்டால் வெளியே துப்பிவிடும்.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. பந்து ஒரே ஒரு டிகிரி திசை மாறினால், 3 அடி தூரத்தில் 0.6 அங்குலம் விலகும். பூலில் விழுந்துவிடும், ஸ்நூக்கரில் மயிரிழையில் தப்பும். 6 அடி தூரத்தில் விலகல் இரட்டிப்பு... பூலிலேயே ஓரம் இடிக்கும். ஸ்நூக்கரில் கோவிந்தா! அதற்காகச் சின்ன டேபிளைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அங்கே பந்துகள் மதுரை டவுன் பஸ் மாதிரி நெருக்கியடிக்கும். வழி கண்டுபிடிப்பதே தனி வித்தை.

இனி நம்ம கேரம். போர்டு 74 செ.மீ., பாக்கெட் 4.45 செ.மீ., காய் அதிகபட்சம் 3.18 செ.மீ. பக்கத்துக்கு 0.6 செ.மீ.தான் இடைவெளி. 60 செ.மீ. ஓடும் காய் ஒரு டிகிரி பிசகினால் 1 செ.மீ. விலகிவிடும். அதாவது, தெருமுனையில் முட்டி மோதி ஆடும் நம்ம பையனுக்கு உள்ள கண்டிப்பு, 12 அடி ஸ்நூக்கர் டேபிளுக்குச் சற்றும் குறைந்ததில்லை! சென்னை மரிய இருதயம் 1991, 1995-ல் உலக சாம்பியன் ஆனதும், காசிமா 2024-ல் அமெரிக்க மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் அள்ளியதும் இந்த ஓட்டைகளில்தான்.

இங்கேதான் ஒரு வருத்தம். ஓரம் தேய்ந்து பாக்கெட் அகன்றுபோன போர்டில் ஆடிப் பழகிய பையன், முதல் டோர்னமென்ட்டில் காய் விழாமல் திணறுகிறான். "நமக்குத் திறமையில்லை" என்று ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். கோளாறு கையில் இல்லை, மரத்தில்!

எனவே மன்றத்துக்குப் போர்டு வாங்கப் போகும் தம்பிகளே... பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கையோடு ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள்!