தையல் ஊசியின் மூன்று அடையாளங்கள்

தையல் யந்திரத்தில் நூல் அடிக்கடி அறுந்தாலும், நடுநடுவே தையல் விட்டுப்போனாலும், துணி சுருங்கிக்கொண்டு வந்தாலும், முதலில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறோம். பிறகு நூலின் இறுக்கத்தைத் திருகிப் பார்க்கிறோம். அதிலும் குணம் தெரியாவிட்டால் மெக்கானிக்கை அழைத்து வருகிறோம். இத்தனை சிரமத்துக்கும் அநேக சந்தர்ப்பங்களில் மூலகாரணமாக இருப்பது, தைக்கிற துணிக்குச் சற்றும் பொருந்தாத ஊசி ஒன்றே என்பது கடைசியில்தான் நம் கவனத்துக்கு வருகிறது.

கைத்தையல் ஊசிக்குக் காது பின்முனையில் இருக்க, யந்திர ஊசிக்கோ அது கூர்முனையை அடுத்தே அமைந்திருக்கிறது. அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற யந்திரம், இந்த அமைப்பையும், மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலையும் ஒருங்கே கொண்டிருந்தது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் ஒன்று ஓடுகிறது. ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் அதில் அடங்கி, உராய்வுக்குத் தப்பிக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, ஒரு சிறு குழிவு உண்டு. ஊசி அடிமட்டம் வரை சென்று மேலெழத் தொடங்கும் அந்தக் கணத்தில், இப்பக்கத்து நூல் துணியில் தடைபட்டுச் சிறு கண்ணியாக விரிய, யந்திரத்தின் கொக்கி அக்குழிவை ஒட்டி வந்து கண்ணியைப் பற்றி, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. கொக்கிக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள வெளி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆகையால் ஊசி அளவுக்கு மீறி மெலிந்திருந்தாலும், சற்றே வளைந்திருந்தாலும், பக்கம் மாறி மாட்டப்பட்டிருந்தாலும் கொக்கி கண்ணியைத் தவறவிடுகிறது. தையல் விட்டுப்போவது என்பது இதுவே.

இவ்வளவு நுட்பமான காரியத்தைச் செய்யும் ஊசியை அறிந்துகொள்ள மூன்று அடையாளங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, அது எந்த யந்திர வகைக்கு உரியது என்பது. வீட்டு யந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குரிய எச்ஏ×1 ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். 15×1 என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் அது இதே வகைதான். தொழிற்சாலை யந்திரங்களில் பெருவழக்கான டிபி×1 ஊசிக்குத் தண்டு உருண்டையானது.

இரண்டாவது அடையாளம் பருமன். உறையில் 90/14 என்று இருந்தால், முதல் எண் ஊசியின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. அதாவது அந்த ஊசி 0.90 மில்லிமீட்டர் கனமுள்ளது. பின்னால் வரும் 14, தையற்காரர்கள் வாயில் வழங்கும் பழைய நம்பர்; அது வரிசையைக் குறிக்கிறதேயன்றி அளவைக் குறிப்பதில்லை. மெல்லிய வாயில் துணிக்கும் பட்டுக்கும் 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18 என்பது பொதுவான கணக்கு. 11-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் 0.15 மில்லிமீட்டரே, அதை வெறுங்கண்ணால் நிச்சயித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கும் எளிதன்று.

மூன்றாவது, முனையின் வடிவம். நெய்த துணியில் கூர்முனை இழைகளை ஊடுருவி நேரான தையலைத் தருகிறது. திருப்பூரில் தயாராகும் பனியன் துணியோ வளையம் வளையமாகப் பின்னப்பட்டது. அதில் கூர்முனை பாய்ந்தால் இழை வெட்டுப்பட்டு, தைக்கும்போது புலப்படாத சேதம் சில சலவைகளுக்குப் பின் ஓட்டையாக விரிகிறது. அதற்காகவே முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி, இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. தோலுக்குரிய ஊசியின் முனை கத்தியைப் போல் வெட்டக்கூடியது. துணியில் அதைப் பிரயோகித்தால் தையலின் வரிசையிலேயே துணி கிழிந்துவிடும்.

இந்த அடையாளங்களில் பருமன் தண்டின்மீதே பொறிக்கப்பட்டிருக்கிறது என்றாலும், பூதக்கண்ணாடியின்றி அதைப் படிப்பது கஷ்டம். ஜெர்மனியின் ஷ்மெட்ஸ் நிறுவனத்தார் பல ஊசிகளில் இரண்டு வர்ணக் கோடுகள் இடுகிறார்கள். மேற்கோடு வகையையும் கீழ்க்கோடு பருமனையும் காட்டும். மேலே நீலம் என்றால் ஜீன்ஸ் ஊசி. கீழே நீலம் என்றால் 90 என்ற அளவு. மற்ற நிறுவனத்தாருக்கு வேறு முறை உண்டாகையால், ஒருவருடைய வர்ணத்தைக் கொண்டு இன்னொருவருடைய ஊசியை நிர்ணயிப்பது அபாயம்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் ஊசிகளுக்கென்று ஒரு கண்டிப்பான ஒழுங்கு அனுசரிக்கப்படுகிறது. ஊசி ஒடிந்தால் தொழிலாளி அதன் துண்டுகள் யாவற்றையும் தேடி எடுத்து ஒப்படைக்க வேண்டும். அவை ரிஜிஸ்டரில் ஒட்டப்பட்டு, தேதியும் யந்திர எண்ணும் குறிக்கப்பட்ட பிறகே புது ஊசி கைக்கு வரும். குழந்தையின் சட்டைக்குள் ஓர் ஊசித் துண்டு தங்கிவிடலாகாது என்பதே இதன் பிரதான நோக்கம். ஆயினும் எந்த யந்திரத்தில் எந்த ஊசி எப்போது ஏறியது என்ற சரித்திரமும் அதனோடு சேர்ந்து பதிவாகிவிடுகிறது.

வீட்டில் தைப்பவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. பாதி உபயோகித்த ஊசியைக் கழற்றியதும், அது தைத்த துணியின் சிறு துண்டிலேயே குத்தி, அத்துண்டின் மீது அதன் நம்பரையும் வகையையும் எழுதிவைத்தால் போதும். மாட்டியிருக்கும் ஊசி எது என்பதை ஒரு சீட்டில் எழுதி யந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடலாம். நூலுக்கு ஊசி பொருந்துமா என்று சந்தேகம் வந்தால், கழற்றிய ஊசியில் நூலைக் கோத்து, நூலை இறுக்கிச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் காது போதும், தயங்கி நின்றால் பெரிய நம்பர் வேண்டும். அடையாளம் அடியோடு மறந்துபோன ஊசியையும், நகத்தில் இழுத்தால் கீறுகிற ஊசியையும் பத்திரப்படுத்துவதில் பிரயோஜனமில்லை.

தையலையே ஜீவனோபாயமாகக் கொண்டு குடும்பத்தை நடத்தும் பெண்கள் நம் நாட்டில் ஏராளம். பிறர் நம்பிக் கொடுத்த பட்டுத் துணி பாழானால் அதன் நஷ்டம் முழுவதும் அவர்கள் தலைமேல்தான் விழுகிறது. தையல் பயிற்சி அளிக்கும் ஒவ்வோர் இடத்திலும், வெட்டும் முறையையும் அளவெடுக்கும் முறையையும் கற்பிக்கும் முன்னரே, ஊசியைப் படிக்கவும் அதைக் குறித்துவைக்கவும் கற்பிப்பது அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையாகும்.