புலம்பல் வேறு, புகார் வேறு

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு யோசனை கேட்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வேலையில் குறையில்லை, சம்பளமும் நேரத்துக்கு வருகிறது. பக்கத்து மேசைக்காரரைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் வந்து பையை வைப்பதற்குள் "இந்தக் கம்பெனி உருப்படாது" என்று ஆரம்பித்துவிடுவார். யார் எதைச் செய்தாலும் நொட்டை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு யோசனை சொன்னால், "இதெல்லாம் நாங்க எப்பவோ பார்த்தாச்சும்மா" என்று மட்டம் தட்டுவார். போதாததற்கு மேலாளரிடம் தனியாகப் போய் வத்தி வைப்பார். வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் ஒரு நாள் மத்தியானம் எல்லார் முன்னாலும் கத்திவிடுகிறார். மெமோ யாருக்கு? கத்தியவருக்கு. அத்தனை நாள் கரித்துக் கொட்டியவர் சாட்சி நாற்காலியில் சாதுவாக உட்கார்ந்திருப்பார்.

வாட்ஸ்அப் குழுவில் ஆத்திரத்தைக் கொட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். 'சைக்கோ' என்று பெயரைப் போட்டு எழுதிவிட்டு, காலையில் அழித்துவிடுவார்கள். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுப்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. பாதிக்கப்பட்டவரே எதிர்மனுதாரர் ஆகிற வழி இது. அரசு அலுவலகங்களில் மொட்டைக் கடிதம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்தில்லாத மனு குப்பைக் கூடைக்குப் போகும். அதற்கு முன், எழுதியது யார் என்று அலுவலகமே துப்பறிந்து முடித்திருக்கும்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாலியல் தொல்லையைத் தவிர, நம் நாட்டில் வேலையிடத் தொல்லைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. எதற்கெடுத்தாலும் 'ஆகாது, விளங்காது' என்று சொல்வது குற்றமும் அல்ல. பக்கத்து மேசைக்காரரின் புலம்பலை எந்த அலுவலகத்துக்கு எடுத்துப் போனாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள். வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவது, டீ இடைவேளையை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்வது, "அப்படியா, சரி சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வது ஆகியவை போதும். கூடச் சேர்ந்து 'ஆமாம்' போடாதீர்கள். நீங்கள் போட்ட 'ஆமாம்', மாலைக்குள் நீங்களே சொன்னதாக மேலிடத்துக்குப் போய்ச் சேரும்.

அவர் புலம்புவதில் உண்மை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஓவர்டைம் பணம் வரவில்லை, பி.எஃப். கட்டவில்லை என்று தினமும் முனகுகிறவர் பல நேரம் சரியாகத்தான் சொல்கிறார். மனு எழுதத்தான் தெரியவில்லை. அவரைச் 'சனியன்' என்று ஒதுக்கிவிட்டு, ஒரு வருடம் கழித்து அதே பி.எஃப். பிரச்சினையோடு அலைகிறவர்களும் உண்டு. முன்பு கலகலப்பாக இருந்த ஒருவர் சமீபத்தில்தான் இப்படி ஆகியிருக்கிறார் என்றால், அங்கே தேவைப்படுவது வேறு உதவி. மத்திய அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அவருக்கு மட்டுமல்ல, தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கம் கெட்டுப்போனவருக்கும் அது உதவும்.

புலம்பல் எல்லை தாண்டுவது எப்போது? உங்கள் வேலையை அவர் தடுக்கும்போது, உங்களைப் பற்றிப் பொய்யைப் பரப்பும்போது, மிரட்டும்போது, சாதியை இழுக்கும்போது, பெண்ணின் உடலையோ ஒழுக்கத்தையோ பற்றிப் பேசும்போது. அன்றிலிருந்து வேண்டியது கோபமல்ல, ஒரு நோட்டு. தேதி, மணி, இடம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், பக்கத்தில் இருந்தவர்கள் பெயர், அதனால் கெட்ட வேலை என்ன என்பதை அன்றன்றே எழுதுங்கள். வசவாக இருந்தாலும் நாகரிகப்படுத்தாமல் எழுதுங்கள். 'கேவலமாகப் பேசினார்' என்று எழுதினால் விசாரிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. செய்தி போனில் வந்திருந்தால் அழிக்காதீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடவும் வேண்டாம். வழக்கு என்று போனால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போனவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். 'இவர் கெட்ட எண்ணம் கொண்டவர்' என்று குணத்தை அலசினால், "ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலை" என்று ஹெச்.ஆர். ஒரே வரியில் மூடிவிடும். 'இந்தத் தேதியில் வாடிக்கையாளர் கோப்பை எனக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார். பணி 4 நாள் தாமதமானது. விசாரித்து, கோப்பு எனக்கு நேரடியாக வரும்படி உத்தரவிட வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள், பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்பது என்ன என்பது கடைசி வரியில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் சீலும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. "சொன்னேனே சார், நாலு தடவை சொன்னேனே" என்பார்கள். யாரிடம், எந்தத் தேதியில், தாள் எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

தாளை எங்கே கொடுப்பது என்பதில்தான் பெரிய குழப்பம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதற்கு முன்பிருந்த தொழில் தகராறுச் சட்டத்திலும் இது இருந்தது. பல நிறுவனங்களுக்கு இரண்டுமே தெரியாது, தெரிந்தவையும் தெரியாதது போல இருக்கும். குழுவில் நிர்வாகத்தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லாவிட்டால் 60 நாளுக்குள் தொழிற்சங்கம் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். எழுத்தர், தொழில்நுட்பப் பணியாளர் எல்லாரும் இதில் 'தொழிலாளி'தான். மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வர மாட்டார்கள். இங்கேயும் சக ஊழியர்மீது வசை பாடாமல், 'இந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தேன், நிர்வாகம் நடவடிக்கை எடுக்கவில்லை' என்பதையே குறையாக வையுங்கள்.

பாலியல் சாயல் கொண்ட பேச்சு, சைகை, செய்தி என்றால் பாதை வேறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பணியில் மூத்த பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். வரவேற்பறைச் சுவரில் குழுவின் பட்டியல் தொங்கும். அதிலிருக்கும் தலைவி வேலையை விட்டுப்போய் வருடங்கள் ஆகியிருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரியும் சட்டம் போட்ட பலகை இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, அதிலிருக்கிற எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்க மாட்டார். நீங்கள் போட்டுப் பாருங்கள்.

புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். 'லாம்'தான், அதை நம்பி உட்கார வேண்டாம். விதிப்படி 6 பிரதிகள், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்கலாம். இது தெரியாமல்தான் பலர் அதே மேசையில் உட்கார்ந்து அழுகிறார்கள். நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் புகார் சொன்னவரைத் தண்டிக்க முடியாது. புகாரின் விவரத்தை வெளியே பரப்பச் சட்டம் தடை விதிக்கிறது, ஆகவே திரும்பவும் சொல்கிறேன், வாட்ஸ்அப் குழு வேண்டாம். 10 பேருக்குக் குறைவான கடையோ பட்டறையோ என்றாலும், முதலாளியே தொல்லை தந்தாலும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஷீ-பாக்ஸ் என்ற மத்திய அரசு இணையதளத்திலும் பதியலாம்.

பட்டியல் சாதி, பழங்குடியினரில் ஒருவரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் இவ்விரு பிரிவையும் சேராத ஒருவர் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது அலுவலகப் பிரச்சினை அல்ல. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். நேரே காவல் நிலையம். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவே சொல்கிறது. "பேசி முடிச்சுக்கங்க" என்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். நாலு சுவருக்குள் தனியாக நடந்ததென்றால் இந்தப் பிரிவு நிற்பது கடினம். அதனால்தான் நோட்டில் பக்கத்தில் இருந்தவர் பெயரை விடாமல் எழுதச் சொன்னேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பது ஹெச்.ஆர். துறையின் தேசிய கீதம் ஆகிவிட்டது. அது பதில் அல்ல. அவர் சொன்னதையே அன்று மாலை மின்னஞ்சலில், 'இன்று சந்தித்தபோது அனுசரித்துப் போகும்படி கூறினீர்கள். என் மனுமீதான முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்' என்று அனுப்பிவையுங்கள். தொனி எப்படி மாறுகிறதென்று பாருங்கள்.

அப்படியும் போய்விடுவது என்று முடிவுக்கு வந்துவிட்டால் சரி, ஆனால் ஆத்திரத்தில் எழுதாதீர்கள். பணிக்கொடைக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். ஐந்தாம் ஆண்டில், சில மாதம் பாக்கி இருக்கும்போது மேசையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். தேதியைக் கணக்குப் பாருங்கள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று அவர்கள் தட்டச்சு செய்து நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொல்லைதான் காரணமென்றால் அதை, மனுவின் தேதியோடு, நீங்களே எழுதுங்கள். மின்னஞ்சல் கணக்கை முடக்கும் முன் உங்கள் புகார்கள், அவற்றுக்கு வந்த பதில்கள், சம்பளச் சீட்டு, நியமன ஆணை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிடுங்கள். கம்பெனியின் வணிகக் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள், அதை வைத்தே உங்கள்மீது புகார் எழுதுவார்கள்.