பாதியில் நிற்கும் இன்ஸ்டலேஷன்: டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கணினி சேர்த்தேன். மூன்றாம் தலைமுறை ரைசன் 5, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே மதியத்தில் வாங்கியது. பவர் பட்டனை அழுத்தினதும் முதல் தடவையே திரை வந்துவிட்டது. கஷ்டமான வேலை முடிஞ்சுபோச்சு, இனி ஓஎஸ் போடுவதுதானே பாக்கி என்று நினைத்தேன். அந்த "தானே" என்னை நாலு நாள் உட்கார வைத்தது.

என்ன நடந்தது, எங்கே தப்பாக யோசித்தேன், கடைசியில் எப்படிப் பிடித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். கணினி சேர்க்கும் எண்ணம் இல்லாதவர்கள்கூட நடுவில் வரும் 'கலை', 'அலை' பகுதியையாவது படியுங்கள். அது எல்லார் ஃபைலுக்கும் சம்பந்தப்பட்டது.

மூன்று தடவை, மூன்று இடம்

உபுண்டு 22.04-ஐப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்தேன். இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. பத்து நிமிஷம் ஓட்டினேன். பிரவுசர் திறந்தது, வைஃபை பிடித்தது, பாட்டு ஓடியது. குறை ஒன்றும் இல்லை. சரி என்று இன்ஸ்டால் கொடுத்தேன். பாதி தாண்டினதும் நின்றது.

திரையில் வந்த செய்தியின் சாரம் இது: 'எர்நோ 5, உள்ளீடு வெளியீட்டுப் பிழை. பெரும்பாலும் சிடியோ டிவிடியோ டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ பழுதாக இருந்தால் இப்படி வரும்'. கூடவே சில யோசனைகள்: சிடியைத் துடைத்துப் பாருங்கள், டிஸ்க் பழசானதா என்று பாருங்கள், கணினியைக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

சிடி என்னிடம் இல்லை. டிஸ்க்கின் பெட்டி பிரித்து ஒரு நாள்தான் ஆகிறது. ஆனாலும் செய்தி டிஸ்க் என்று சொல்கிறதே, நானும் டிஸ்க் என்றே நம்பினேன்.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை கால்வாசியிலேயே நின்றது. மூன்றாவது தடவை கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் நின்றது. ஐஎஸ்ஓ ஃபைலைத் திரும்பத் தரவிறக்கினேன். வேறு பென்டிரைவ் மாற்றினேன், யூஎஸ்பி போர்ட் மாற்றினேன். எதுவும் உதவவில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் அவர் கணினியில் மாட்டி, முழுசாக எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, டிஸ்க்ல ஒண்ணும் இல்ல. வேற எங்கயாவது பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியமான தடயம். நான் அதைக் குறித்து வைக்கக்கூட இல்லை. எங்கே நின்றது என்பதைவிட என்ன செய்தி வந்தது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே பென்டிரைவ், இரண்டு பதில்

உபுண்டு பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்போதே அதிலுள்ள ஃபைல்களை ஒரு தடவை சரிபார்க்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்பே கணக்கிட்டு வைத்த ஒரு கைரேகை இருக்கும். ஃபைலைப் படித்து மறுபடி கணக்கிட்டு, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் பொருந்தாது.

மூன்றாம் நாள் இரவு பூட் செய்தபோது பிழை இல்லை என்று வந்தது. கைதவறி ரீஸ்டார்ட் ஆகி மறுபடி பூட் ஆனபோது, ஒரு ஃபைலில் பிழை என்று வந்தது. நடுவில் பென்டிரைவை நான் தொடவே இல்லை.

புத்தகம் அதே புத்தகம். நேற்று படித்தபோது சரியாக இருந்த பக்கம் இன்று தப்பாகத் தெரிகிறது என்றால், கோளாறு புத்தகத்தில் இல்லை, படிப்பவர் கண்ணில் இருக்கிறது. கணினியில் அந்தக் கண் ராம். பென்டிரைவிலிருந்து வருவதெல்லாம் முதலில் ராமில் இறங்கும், அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும்.

அப்படியானால் இன்ஸ்டாலர் ஏன் டிஸ்க்கைக் குறை சொன்னது? பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. இன்ஸ்டலேஷன் பென்டிரைவில் மொத்த ஓஎஸ்ஸும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் அழுத்திச் சுருக்கப்பட்டிருக்கும். அதைத் துண்டு துண்டாக ராமுக்குக் கொண்டுவந்து விரிக்க வேண்டும். ராமில் ஒரு பிட் கெட்டுப்போயிருந்தால் அந்தத் துண்டை விரிக்க முடியாது. விரிக்கும் பகுதி மேலே இருப்பவரிடம், "படிக்க முடியவில்லை, எர்நோ 5" என்று மட்டும் சொல்லும். மேலே இருக்கும் இன்ஸ்டாலருக்குக் காரணம் தெரியாது. படிக்க முடியவில்லை என்றால் வழக்கமாக டிஸ்க்தானே, அதனால் டிஸ்க் என்று எழுதிவிடுகிறது.

இந்த நாலு நாளில் நான் கற்றது இதுதான்: பிழைச் செய்தி சொல்வது பிழை கண்ணில் பட்ட இடத்தை. பிழை பிறந்த இடம் வேறாக இருக்கலாம்.

இடம் ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பதும் இப்போது புரிந்தது. 16 ஜிபி ராமில் சுமார் 13,744 கோடி பிட்டுகள். அதில் கெட்டது ஒரு சின்ன மூலை. ஒவ்வொரு தடவையும் எந்த ஃபைலின் எந்தத் துண்டு அந்த மூலையில் போய் உட்காரும் என்பது மாறும். பத்து நிமிஷம் பாட்டுக் கேட்டபோது அந்த மூலைக்கு யாரும் போகவில்லை. சில ஜிபியை ஒரே மூச்சில் விரிக்கும்போது யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும்.

சோதனை

மெம்டெஸ்ட்86+ என்று ஒரு இலவச மென்பொருள். தனிப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும். ஓஎஸ் எதுவும் தேவையில்லை. ராமின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கும். ஏழாவது நிமிஷத்தில் சிவப்பு வரி வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது. எல்லா வரியிலும் ஒரே கதை: 1 இருக்க வேண்டிய ஒரு இடத்தில் 0.

இங்கே அவசரப்பட்டு ராமைத் தூக்கிப் போடக் கூடாது. மூன்று சந்தேகங்கள் உண்டு: வேகம், ராம் குச்சி, அதைச் செருகும் ஸ்லாட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் வேகம். பெட்டியில் 3200 என்று போட்டிருந்த டிடிஆர்4 ராம் அது. இப்படிப்பட்ட ராம் பெரும்பாலும் மாட்டினவுடன் அந்த வேகத்தில் ஓடாது. 2133 மாதிரி ஒரு அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டால்தான் 3200-க்குப் போகும், மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு ஏறும். நான் முதல் நாளே அதைப் போட்டிருந்தேன். இப்போது எடுத்துவிட்டு மறுபடி மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஒரு சுற்று முடிந்தது, பிழை இல்லை.

கடைக்கு ஃபோன் செய்தேன். "அப்படியே ஓட்டுங்க தம்பி, ஸ்பீடு கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, நாலு நாள் போய்விட்டதே. ஆனாலும் ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மூன்று பிழை. வேகத்தைக் குறைத்ததில் நோய் போகவில்லை, ஒளிந்துகொண்டது.

அடுத்தது குச்சியும் ஸ்லாட்டும். ஒரே ஸ்லாட்டில் முதலில் ஒரு குச்சியை மட்டும் வைத்து ஓட்டினேன், பிறகு மற்றதை. முதல் குச்சி நாலு சுற்றும் சுத்தமாகத் தாண்டியது. இரண்டாவது முதல் சுற்றிலேயே சிவப்பு. இரண்டாவதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் சிவப்பு. ஸ்லாட் நிரபராதி. முதல் குச்சியை மட்டும் வைத்து உபுண்டு போட்டேன், ஒரே தடவையில் ஏறிவிட்டது. கெட்ட குச்சியை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

'கலை' எப்படி 'அலை' ஆகும்

இனி நான் ஏன் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன். இந்தக் கணினியைச் சேர்த்ததே ஒன்பது வருஷக் குறிப்புகளையும் ஸ்கேன்களையும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இதற்கு மாற்றத்தான். மாற்றி முடித்ததும் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டு, புதிய நகலுக்கு அதையே பேக்கப்பாக வைப்பது என் திட்டம்.

ஃபைலை நகலெடுக்கும்போதும் தரவு ராம் வழியாகத்தான் போகிறது. ஆனால் நகலெடுக்கும் கட்டளை கைரேகை எதையும் பார்க்காது. ஒரு பிட் மாறினால் மாறினதையே எழுதிவிட்டுப் போகும்.

ஒரு பிட் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறி மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. 'க'வின் மூன்றாவது பைட் 10010101. அதில் நடுவிலுள்ள ஒரு 1 மட்டும் 0 ஆனால் 10000101. அது 'அ'. முதல் இரண்டு பைட்டும் இரண்டு எழுத்துக்கும் ஒன்றே. ஆக ஒரு பிட் விழுந்தால் 'கலை' என்பது 'அலை' ஆகும், 'கடை' 'அடை' ஆகும். இரண்டுமே நல்ல தமிழ்ச் சொல் என்பதால் பிழைதிருத்தியும் வாயைத் திறக்காது. எண்களும் அப்படித்தான்: 9 என்ற இலக்கத்தில் ஒரு பிட் விழுந்தால் 1. 1992 என்று குறித்து வைத்தது 1912 ஆகிவிடும். அதை நம்பி நான் ஒரு கட்டுரையும் எழுதியிருப்பேன்.

இன்ஸ்டலேஷன் அதிர்ஷ்டவசமாக ஒரு தடவை முடிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். நாலு நாள் எரிச்சலூட்டிய அந்தப் பிழைச் செய்தி என் ஒன்பது வருஷத்தைக் காப்பாற்றியது.

இது அபூர்வமும் இல்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளில் வேலை பார்த்த இருவருடன் சேர்ந்து, அந்நிறுவனத்தின் சர்வர்களில் இரண்டரை வருஷம் திரட்டிய கணக்கை 2009-இல் வெளியிட்டார். ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் குச்சிகளில் பிழை பதிவாகியிருந்தது. அந்த சர்வர்களில் ஈசிசி வகை ராம் இருந்ததால்தான் எண்ணவே முடிந்தது. அந்த வகையில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது. பிழை நடந்தாலும் எண்ண ஆள் இல்லை.

உங்களுக்கு இப்படி ஆனால்

முதல் கேள்வி: ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா? இரண்டு மூன்று தடவை ஓட்டி, ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

ஒரே இடத்தில் நின்றால் மாறாத ஒரு காரணம் இருக்கிறது. தரவிறக்கிய ஐஎஸ்ஓவின் ஷா-256 எண்ணை அதிகாரபூர்வப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே கண்ணில் படவில்லை, உங்களுடையது 11-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையது என்றால், பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான டிரைவரைக் கொடுக்க வேண்டும், அல்லது அதை அணைக்க வேண்டும். டிஸ்க் தெரிந்தும் இதில் போட முடியாது என்று சொன்னால், பழைய எம்பிஆர் பிரிப்பு முறை காரணமா என்று பாருங்கள். யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யும்போது விண்டோஸ் ஜிபிடி முறை டிஸ்க்கில்தான் ஏறும். மாற்றினால் டிஸ்க்கில் உள்ளது அழியலாம், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு வேறு இடத்தில் நின்றால் சந்தேகம் ராம், பவர் சப்ளை, சூடு, பிராசசர் பக்கம் போக வேண்டும். இதில் செலவில்லாமல் சோதிக்கக்கூடியது ராம்தான், அங்கிருந்து தொடங்குங்கள். எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் ஒரு ராத்திரி விடுங்கள்.

புதுக் குச்சி வந்ததும் முதலில் மெம்டெஸ்ட்டைத்தான் ஓட்டினேன். அதற்குப் பிறகே குறிப்புகளை நகலெடுத்தேன். எடுப்பதற்கு முன் பழைய டிஸ்க்கில் எல்லா ஃபைலுக்கும் கைரேகைப் பட்டியல் ஒன்றை என் பழைய லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். எடுத்து முடித்து, கணினியை ஒரு தடவை அணைத்துப் போட்டு, புதிய டிஸ்க்கிலும் ஒரு பட்டியல் போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். ஒரு வரிகூட மாறவில்லை. பழைய டிஸ்க்கை இன்னும் அழிக்கவில்லை. அலமாரியிலேயே இருக்கட்டும்.